தலைவிதியா, தலைக்கவசமா?

2024 அக்டோபர் 11 இரவு, கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்திலே, கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலின்மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, தீ எழுந்தது. நல்லவேளையாக ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஆனாலும் நாடே திரும்பிப் பார்த்தது. ஏடுகள் எட்டுக் கலத்தில் எழுதின. விசாரணை நடந்தது. நடக்கத்தான் வேண்டும்; வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். 2022ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டுச் சாலைகளில் நடந்த விபத்துகள் 64,105. மாண்டவர்கள் 17,884 பேர். இது நாம் கட்டிய கணக்கல்ல, ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அச்சிட்டு வெளியிட்ட கணக்கு. நாளொன்றுக்கு 49 பேர்! விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு. சாவு எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம். கல்வியிலே முன்வரிசை, தொழிலிலே முன்வரிசை, மருத்துவத்திலே முன்வரிசை என்று மார்தட்டுகிறோம். தட்டலாம், தகுதி உண்டு. இந்த முன்வரிசையை என்ன சொல்லிப் பெருமைப்படுவது?

ஒரே நாளில் 49 பேர் ஒரே ரயிலில் செத்தால் மந்திரிகள் ஓடி வருவார்கள். 49 பேரும் 49 சாலைகளில் 49 மோட்டார் சைக்கிள்களிலிருந்து விழுந்து செத்தால், பத்திரிகையின் மூலையில் நாலு வரி. மறுநாள் அந்தத் தாளிலே வடை மடித்துக் கொடுப்பார்கள். அவ்வளவுதான்!

சாவது யார்?

சீமான் வீட்டுப் பிள்ளையா? அவனைச் சுற்றி இரும்புக் கூடு இருக்கிறது, இடுப்பிலே வார் இருக்கிறது, முகத்துக்கு முன்னே வெடித்து விரியும் காற்றுப்பை இருக்கிறது. 2022இல் இந்தியா முழுவதும் சாலையில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியிலே போனவர்கள். இருசக்கர வண்டியிலே போகிறவன் யார்? பஸ் வராத ஊர்க்காரன். பஸ் வரும் நேரமும் ஆலைச் சங்கு ஊதும் நேரமும் ஒத்துப்போகாத தொழிலாளி. தவணை கட்டி வண்டி வாங்கிய ஏழைப் பாட்டாளி!

ஊத்துக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். ஆரணியாற்றங்கரையிலே, ஆந்திர எல்லையோரத்திலே உள்ள ஊர். சென்னை மக்களின் தாகம் தீர்க்கும் கிருஷ்ணா நீர் தமிழகத்துக்குள் நுழையும் வாயில். பொழுது புலரும் முன்பே அங்கிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் வண்டியை உதைத்துக் கிளம்புகிறார்கள். ஒருவன் தேர்வாய்கண்டிகை சிப்காட்டுக்கு, ஒருவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு, இன்னொருவன் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கு. காலை ஷிப்டுக்குப் போகிறவன் அரைத் தூக்கத்திலே போகிறான். இரவு ஷிப்டு முடித்து வருகிறவன் முழு அசதியிலே வருகிறான். எதிரே செங்கல் லாரி, ஜல்லி லாரி, திருப்பதிக்குப் பறக்கும் கார். ஓரத்திலே கொட்டிக் கிடக்கும் மணல். வளைவிலே படுத்திருக்கும் மாடு. டயர் செய்யும் ஆலையே தேர்வாய்கண்டிகையில் இருக்கிறது. அதைத் தாண்டிச் செல்லும் எத்தனையோ மோட்டார் சைக்கிள்களின் டயரோ தேய்ந்து வழுக்கையாகிக் கிடக்கிறது!

அவன் விழுந்தால் விழுவது அவன் மட்டுமா? அவனை நம்பியிருக்கும் தாய் விழுகிறாள், மனைவி விழுகிறாள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் படிப்பு விழுகிறது.

"எல்லாம் தலையெழுத்து!"

விழுந்தவனைச் சுற்றிக் கூடுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்கிறார்கள். வண்டி வாங்கிய அன்று எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்குகிறார்கள். மிளகாயும் பழமும் கோத்துக் கட்டுகிறார்கள். பூசணிக்காய் சுற்றி உடைக்கிறார்கள். உடைத்த பூசணிக்காயில் வழுக்கி இன்னொருவன் விழுகிறான்! அவனுக்கும் தலையெழுத்தாம்!

தந்தை பெரியார் வாழ்நாளெல்லாம் கற்றுத்தந்தது என்ன? ஏன், எதற்கு, எப்படி என்று கேள் என்பதுதானே? கேட்டுப் பார்ப்போம்.

1935 மே 13. இங்கிலாந்து நாட்டிலே ஒரு கிராமச் சாலை. அரபு மக்களோடு சேர்ந்து துருக்கிப் பேரரசை எதிர்த்துப் போரிட்டு உலகப் புகழ் பெற்ற டி.இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளில் விரைகிறார். சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள்மீது மோதாமலிருக்க வண்டியைத் திருப்புகிறார், தூக்கியெறியப்படுகிறார். தலையிலே அடி. ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து மே 19 அன்று மாள்கிறார். துப்பாக்கிக்குத் தப்பியவர், பாலைவனத்துக்குத் தப்பியவர், சாலைக்குத் தப்பவில்லை.

அவருக்கு மருத்துவம் பார்க்க வந்தவர்களில் ஒருவர் ஹியூ கெயின்ஸ் என்ற மூளை அறுவை மருத்துவர். "விதி" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போகவில்லை. ஏன் இறந்தார், எப்படித் தடுக்கலாம் என்று ஆராய்ந்தார். போர்க்காலத்தில் செய்தி சுமந்து மோட்டார் சைக்கிளில் ஓடிய படைவீரர்களின் காயங்களை எண்ணிக் கணக்கிட்டு, தலைக்கவசம் உயிர் காக்கிறது என்று 1941இல் மருத்துவ ஏட்டிலே எழுதினார். பிரிட்டிஷ் இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஒரு சாவிலிருந்து பல்லாயிரம் உயிரைக் காக்கும் வழி பிறந்தது. பகுத்தறிவு என்பது இதுதான், தோழர்களே!

மண்டை ஓட்டுக்குள்ளே மூளை தயிரைப்போல மெத்தென்று இருக்கிறது. வேகமாகப் போன தலை தார்ச்சாலையில் மோதிச் சட்டென்று நிற்கிறது. உள்ளேயிருக்கும் மூளை நிற்பதில்லை; ஓட்டின்மேல் போய் மோதுகிறது, சுழல்கிறது, இரத்தக் குழாய்கள் அறுகின்றன. தலைக்கவசத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு தெர்மோகோல் திண்டு இருக்கிறதே, அது நசுங்கி அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. நசுங்குவதுதான் அதன் தொண்டு. ஆகவேதான் ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மறுமுறை போடலாகாது.

பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த அறிஞர்கள் கூறுவது: தலைக்கவசம் சாவை நூற்றுக்கு 42 அளவுக்கும் தலைக்காயத்தை நூற்றுக்கு 69 அளவுக்கும் குறைக்கிறது. நம் நாட்டிலோ 2022இல் தலைக்கவசமின்றிப் போய் மாண்டவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். அத்தனை பேர் தலையிலும் ஒரே எழுத்தையா எழுதினான் அந்தப் பிரம்மன்? நகல் எடுக்கும் இயந்திரம் வைத்திருக்கிறானோ?

சாக்குகள் சில

"அஞ்சு கிலோமீட்டருக்கு எதுக்கண்ணே ஹெல்மெட்டு?" என்று கேட்கிறான் தம்பி. தூரம் அல்லடா தம்பி கொல்வது, வேகம்! 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவதும், ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுவதும் ஒன்று. 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர், நான்கு மாடி! நான்கு மாடிக் கட்டடத்தின் விளிம்பிலே, "பக்கத்திலேதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பாயா?

"வேர்க்குது, முடி கொட்டுது" என்கிறார்கள். வேர்க்கும்; ஒப்புக்கொள்கிறோம். உலை முன்னே எட்டு மணி நேரம் வேர்வை சிந்துகிறவனுக்கு அரைமணி வேர்வை பெரிதா? உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டிக்கொள்ளட்டும். முடி போனால் தலை இருக்கும். தலை போனால்?

"போலீசைக் கண்டால் போட்டுக்கொள்கிறேன்" என்று பெட்ரோல் தாங்கியின்மேல் வைத்துக்கொண்டு போகிறான் ஒருவன். பெட்ரோல் தாங்கிக்கு மூளை இல்லை; உனக்கு இருக்கிறது! தலைக்கவசமின்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்பது 2022 முதல் தமிழ்நாட்டிலே நடைமுறை. அந்த ஆயிரத்துக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையிட்ட நல்ல கவசமே வாங்கலாம். 2021 ஜூன் முதல் அந்த முத்திரையில்லாததை விற்பதே குற்றம். சாலையோரத்திலே இருநூறு ரூபாய்க்கு விற்கும் பிளாஸ்டிக் சட்டியை வாங்கி மாட்டுவது, போலீசை ஏமாற்றுவதல்ல, தன் பெண்டு பிள்ளைகளை ஏமாற்றுவது. முத்திரை இருந்தும் தாடைக்கு அடியில் வாரை மாட்டாவிட்டால், விழும்போது முதலில் பறப்பது கவசம், பிறகு தலை.

"ஜனங்கள் கேட்கமாட்டார்கள்" என்பர் சிலர். வியட்நாம் நாட்டைப் பாருங்கள். நம்மைப்போல உழைக்கும் மக்கள், நம்மைவிட அதிகமாக இருசக்கர வண்டியை நம்பி வாழும் மக்கள். 2007 டிசம்பர் 15 அன்று அங்கே எல்லாச் சாலைக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்றார்கள். சில நாட்களிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அணிந்தார்கள். வல்லரசை விரட்டியடித்த மக்கள் ஒரு வாரை மாட்டிக்கொள்ள வெட்கப்படவில்லை! நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

தலை ஒன்றுதானா உடம்பு? தரையோடு தேய்ந்து எலும்பு தெரியும் முழங்கால், வண்டிக்கு அடியில் சிக்கி முறியும் கால் எலும்பு, சக்கரத்தில் சிக்கும் சேலை முந்தானை, சைலன்சரில் சுட்டுக்கொள்ளும் பிள்ளையின் கால், இவையும் உண்டு. பின்சக்கரத்தின் பாதியையாவது மூடும் தடுப்பு, பின்னால் இருப்பவருக்குக் கால்படி, கைப்பிடி எல்லாம் சட்டப்படி இருக்க வேண்டியவை. அழகு குறைகிறதென்று தம்பிமார்கள் கழற்றி எறிகிறார்கள். ரப்பர்ச் செருப்பை விட்டு ஆலைக்குப் போடும் ஷூவையே வழியிலும் போடு. பின்விளக்கு எரிகிறதா என்று கிளம்புமுன் பார். மூன்று பேர் ஏறாதே. குடித்திருந்தால் சாவியைத் தொடாதே. கண் செருகினால் டீக்கடையில் நிறுத்து. பத்து நிமிடம் பிந்தியதற்காக எந்தத் தாயும் அழுததில்லை.

தொழிலாளி மட்டுமா குற்றவாளி?

இவ்வளவும் சொன்னோம். இத்தோடு நிறுத்தினால் நாமும் மேட்டுக்குடி உபதேசியார்களின் வரிசையில் சேர்ந்துவிடுவோம். "எல்லாம் அவன் கவனக்குறைவு" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொள்ள முதலாளிக்கு வசதி, காண்டிராக்டருக்கு வசதி, அதிகாரிக்கு வசதி.

மோட்டார் வாகனச் சட்டத்திலே 2019இல் ஒரு திருத்தம் வந்தது. அதிலே 198-ஏ என்று ஒரு பிரிவு. சாலையை வரைந்தவர், போட்டவர், பராமரிப்பவர் தவறினால் சாவோ ஊனமோ நேர்ந்தால் அபராதம், அதிகப்படியாக ஓர் இலட்சம் ரூபாய். தலைக்கவசம் போடாத கூலித் தொழிலாளிக்கு ஆயிரம். ஆளை விழுங்கும் பள்ளத்தை விட்டுவைத்தவருக்கு ஓர் உயிருக்கு ஓர் இலட்சம்! ஆயிரத்தை வசூலிக்க முச்சந்திதோறும் ஆள் நிற்கிறார். அந்த இலட்சத்தை வசூலிக்க யார் நிற்கிறார்? கேட்க வேண்டாமா?

ஆலை முதலாளிகளையும் கேட்கிறோம். பொருள் போக லாரி வைக்கிறீர்கள். அதிகாரி வரக் கார் வைக்கிறீர்கள். ஒப்பந்தத் தொழிலாளி வர ஒரு பஸ் வைக்க ஏன் கை நடுங்குகிறது? பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு நள்ளிரவில் வண்டியில் அனுப்புகிறவருக்கு அந்தச் சாலையில் நடப்பதில் பங்கில்லையா?

"வாசலுக்கு வெளியே நடந்தது எங்கள் பொறுப்பல்ல" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு ஒரு செய்தி. ஈ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010இல் செய்த திருத்தப்படி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வேலையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போதும் நேரும் விபத்து, வேலையோடு தொடர்பு நிறுவப்பட்டால், வேலையின்போது நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கொள்கை இடம்பெற்றிருக்கிறது.

மராட்டிய மாநிலத்திலே ஒரு சர்க்கரை ஆலைக் காவல் தொழிலாளி. 2003 ஏப்ரல் 22. விடியற்காலை 3 மணி முறைக்காக மோட்டார் சைக்கிளில் கிளம்பியவர், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் மாண்டார். மனைவி, நான்கு பிள்ளைகள், தாய். ஆணையர் கொடுத்த இழப்பீட்டை உயர்நீதிமன்றம் மறுத்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது: வேலைக்குச் செல்லும் வழியில் நேர்ந்த விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றால் வேலையோடு தொடர்புடையதானால், இழப்பீட்டுக்கு உரியதே! நீதி வந்தது, வர 22 ஆண்டு பிடித்தது. பிள்ளைகள் அதற்குள் வளர்ந்தேவிட்டனர்.

ஆகவே தொழிலாளத் தோழர்கள் ஒன்றை மனத்திலே பதிக்கவேண்டும். விபத்து நடந்தால் "சமாதானமாகப் போவோம்" என்று ஐயாயிரத்தையும் பத்தாயிரத்தையும் நீட்டும் கையைப் பார்த்து மயங்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை எழுதச் செய்யுங்கள். மருத்துவமனைப் பதிவேட்டில் விபத்து என்று பதிய வையுங்கள். எந்த ஷிப்டு, எத்தனை மணிக்கு வேலை என்பதற்கு ஆலையின் வருகைப் பதிவை ஆதாரமாகக் கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. கிளைக்கு உடனே தெரிவியுங்கள். வண்டிக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது உரிமையாளர் ஓட்டுநருக்கான 15 இலட்ச ரூபாய்த் தனிவிபத்துக் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் உரிமம் இல்லாதவருக்கு அது கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டில்லியும் தமிழகமும்

அடிபட்ட முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். ஊத்துக்கோட்டையில் அடிபட்டவனைத் திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அந்த நேரத்தில் கையில் காசிருக்கிறதா என்று பார்ப்பதற்கா பொழுது?

கலைஞர் ஆட்சியில் 2008இல் 108 வண்டி ஓடத் தொடங்கியது. கழக ஆட்சியில், 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரிலே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்கள் "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் 48 மணி நேர மருத்துவத்துக்குத் தொடக்கத்தில் ஓர் இலட்சம் ரூபாய் வரை அரசே கட்டும் என்றார். எந்த மாநிலத்தவன், எந்த மொழிக்காரன் என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவனா, அது போதும் என்றார்.

டில்லி என்ன செய்தது? 2019இல் சட்டத்தில் எழுதியது, விபத்துக்குள்ளானவனுக்குக் கட்டணமில்லா மருத்துவத் திட்டம் வகுப்போம் என்று. 2022 ஏப்ரலில் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. திட்டமோ வரவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கண்டித்துக் காலக்கெடு விதித்தது. அதன் பிறகு, 2025 மே மாதத்தில், ஒன்றரை இலட்சம் ரூபாய் வரை ஏழு நாள் மருத்துவம் என்று திட்டம் வந்தது. அந்த வழக்குக்கு மூலமானவர் யார்? கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ராஜசேகரன். 2012இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர் ஒரு தமிழர்! முறிந்த எலும்பைக் கட்டிக் கட்டி அலுத்தவர், முறியாமலிருக்க வழி செய்யுங்கள் என்று கேட்டார். கேட்டது தமிழகம். டில்லி விழிக்க 13 ஆண்டு ஆயிற்று.

கழகத் தோழர்களுக்கு

2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையிலே, அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்கு வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் விழுந்து, தண்ணீர் லாரியில் அடிபட்டு மாண்டார். அன்று கழகத் தலைமை என்ன சொல்லிற்று? போக்குவரத்துக்கு இடையூறாகப் பேனர் வைக்கும் விழாவுக்கு நான் வரமாட்டேன் என்றார் தலைவர். அடுத்தவனைச் சாடுவதற்கு மட்டுமல்ல அந்தச் செய்தி. நம் கையைக் கட்டுவதற்கும்தான்.

ஆகவே வெளிப்படையாகவே சொல்கிறோம். கருப்பு சிவப்புக் கொடி கட்டிய வண்டியிலே தலைக்கவசமின்றி மூன்று பேர் ஏறி, ஒலிப்பானை அலறவிட்டுப் போவது வீரமல்ல. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு என்று அண்ணா சொன்னாரே, அது மேடைக்கு மட்டுமா? வீட்டுக்கு உயிரோடு திரும்புவது கடமை. முன்னால் போகும் முதியவருக்கு வழிவிடுவது கண்ணியம். வேகத்தை அடக்குவது கட்டுப்பாடு.

கிளைக் கழகங்கள் இதை இயக்கமாகவே செய்யலாம். பிறந்தநாள் விழாவிலே மாலைக்கும் சால்வைக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியை எடுத்து, ஐ.எஸ்.ஐ. கவசமாக வாங்கி ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கொடுங்கள். பின்னால் உட்காரும் அவர் துணைவியாருக்கும் ஒன்று கொடுங்கள். ஊரில் அடிக்கடி விபத்து நடக்கும் வளைவு எது, விளக்கில்லாத சந்திப்பு எது, மணல் குவியும் திருப்பம் எது என்று பட்டியலெடுத்து, நெடுஞ்சாலைத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்திலே கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். ஆளுங்கட்சி எது, எதிர்க்கட்சி எது என்று பள்ளம் பார்ப்பதில்லை. தொழிற்சங்கத் தோழர்கள் அடுத்த பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்குப் பக்கத்திலேயே கம்பெனி பஸ்ஸையும் எழுதட்டும்.

கண்ணெதிரே ஒருவன் விழுந்தால் கைப்பேசியில் படமெடுக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். உதவியவனைப் போலீஸ் அலைக்கழிக்கக் கூடாது, வழக்கில் மாட்டக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கிறது, அஞ்சாதீர்கள். இரத்தம் பாயுமிடத்தில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். தலையையும் கழுத்தையும் அசைக்காதீர்கள். மூச்சு அடைபட்டாலன்றிக் கவசத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தலையிலே எழுதியிருப்பதை யாரும் கண்டதில்லை. தலையிலே போடவேண்டியதோ கடையிலே தொங்குகிறது, சட்டத்திலே இருக்கிறது, அறிவியலிலே நிறுவப்பட்டிருக்கிறது. சுமை தூக்கித் தழும்பேறிய தலை, சுயமரியாதை உணர்ந்து நிமிர்ந்த தலை, அதைத் தார்ச்சாலைக்குத் தாரை வார்க்க வேண்டாம் தோழர்களே! நாளைக் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாரை இறுக்கிக் கட்டுங்கள். மாலையிலே வீடு திரும்புங்கள். வழக்காட வேண்டியதை, கேட்டுப் பெற வேண்டியதை, அதன் பிறகு நாம் சேர்ந்து கேட்போம்!